பெர்த் எத்தனை மணி நேரப் பிரயாணம்?

கொழும்பிலிருந்து பெர்த் நகரம் எவ்வளவு தூரம், ஆகாய மார்க்கமாகப் போனால் எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று, அங்கே குடியேறியிருக்கும் தம் மகளைப் பார்க்கப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். தூரம் 5,800 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் எங்கும் இறங்காமல் நேரே போகும் ஜெட் விமானமானால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகும் என்று நான் சொன்ன பதிலில் அவர் திருப்தியடைந்து பெட்டி கட்டப் போய்விட்டார். எனக்குத்தான் மனம் அதோடு நிற்கவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருந்தன. தூரத்தைப் பற்றிய முதற் கேள்விக்குப் பூமியே பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதில் நம் பாட்டனார் காலத்திலும் அதுதான், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதுதான். நேரத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கோ, இயந்திரம், காற்று, எரிபொருள், அரசாங்கங்கள், சில சமயம் யுத்தம் என்று பலர் கூடிப் பதில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் பதில் ஆண்டுக்கு ஆண்டு, ஏன், நாளுக்கு நாள் கூட மாறுகிறது. இதை விளக்க இந்து சமுத்திரத்தின் இரு கரைகளில் கிடக்கும் இந்த இரண்டு ஊர்களைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெர்த் உலகத்தின் பெரிய நகரங்களிலே மிகவும் தனித்துக் கிடப்பவற்றுள் ஒன்று. இருபது இலட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் வாழும் அந்த நகரத்துக்கு மிக அருகிலுள்ள பெருநகரமாகிய அடிலெய்ட், நல்லர்பார் என்னும் மரமற்ற சமவெளியைக் கடந்து, 2,100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தன் சொந்த தேசத்துச் சிட்னியைக் காட்டிலும் அந்நிய தேசத்து ஜகார்த்தா அதற்குச் சமீபம் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். தேசப்படத்தை எடுத்து அளந்து பார்த்தால் உண்மை விளங்கும். கிழக்கே பாலைவனம், மேற்கே ஆப்பிரிக்கா வரை சமுத்திரம் என்று அமைந்துவிட்ட ஊராகையால், அங்கிருந்து எங்கே போவதானாலும் நெடுந்தூரப் பிரயாணமாகத்தான் முடிகிறது.

தேசப்படத்தை அளப்பது பற்றிச் சொன்னேன்; அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தட்டையான காகிதத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே இழுக்கும் நேர்கோடு, உருண்டையான பூமியின்மீது மிகக் குறுகிய வழியாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. பூகோள உருண்டை ஒன்றின்மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூல் எந்த வழியில் படிகிறதோ அதுவே மிகக் குறுகிய மார்க்கம். தூரத்தைக் கணக்கிட்டுத் தரும் கணிப்பான்கள் எல்லாம் இந்த நூலின் நீளத்தைத்தான் தருகின்றன. பிறகு அந்த நீளத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டி, பிரயாண நேரம் என்று எழுதிவிடுகின்றன. இலங்கையின் தென்கரைக்கும் பெர்த்துக்கும் நடுவே அந்த நூலை இழுத்துப் பார்த்தால் அதன் நடுப்புள்ளிக்கு மிகவும் அண்மையில், பவளப் பாறைகளால் ஆன கோகோஸ் தீவுகள் தென்படுகின்றன. அவற்றைத் தவிர அந்த வழி நெடுகிலும் காலூன்ற ஒரு பிடி மண் கிடையாது.

இந்த நூலின்மேல், அதாவது அந்தத் தீவுகளைத் தவிர நிலமற்ற இந்த மார்க்கத்தில், ஒரு காலத்தில் மனிதர்கள் முப்பது மணி நேரம் இறங்காமல் பறந்தார்கள். அந்த வரலாற்றைச் சொல்லவே இத்தனை பீடிகையும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னே ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் விமான மார்க்கம் சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி என்று ஊர் ஊராக இறங்கித் தங்கிச் செல்வதாக இருந்தது. நீரில் இறங்கும் பெரிய விமானங்கள் நதிகளிலும் ஏரிகளிலும் துறைமுகங்களிலும் இறங்கிப் பிரயாணிகளை இரவு தங்கவைத்து மறுநாள் ஏற்றிச் சென்றன. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சில வாரங்களில் ஜாவாவும் போயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள புரூம் நகரமே தாக்குதலுக்கு ஆளாயிற்று. பழைய சங்கிலியின் நடுக் கண்ணிகள் அறுந்துபோனபின், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அவசரக் கடிதங்களையும் அதிகாரிகளையும் கொண்டுசெல்ல நேரான ஆகாய வழி இல்லாமற் போய்விட்டது. எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: பெர்த்திலிருந்து இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டி இலங்கையை அடைவது.

இலங்கையில் அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் காலிக்கும் மாத்தறைக்கும் இடையிலுள்ள கொக்கலை. கடற்கரையை ஒட்டிய அகன்ற ஏரி ஒன்று அங்கே உண்டு. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அதை நீர்விமானத் தளமாக்கிக்கொண்டது. சிங்கள இலக்கியத்தின் பெருமைக்குரிய எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த கிராமம் அதுவே. தளம் அமைப்பதற்காக அந்தக் கிராமத்து ஜனங்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் பல மறைந்தன. விக்கிரமசிங்கவின் பூர்விக இல்லம் மட்டும் எப்படியோ தப்பி நின்று, இன்று நாட்டுப்புறக் கலைப் பொருட்காட்சிச் சாலையின் நடுவே இருக்கிறது. ஒரு விமான மார்க்கத்தைத் தேசப்படத்தில் வரைவது எளிது. அதன் நுனியில் யாரோ சிலர் தம் வீடுவாசலை விட்டுப் போக நேர்ந்தது என்பதையும் நாம் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதே கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கட்டலீனா என்னும் வகை நீர்விமானம் ஒன்றில்தான் கனடா நாட்டு விமானி லெனர்ட் பர்ச்சால் 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் சிறைப்பட்டார். ஆனால் மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது அந்த நகரம் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தது.

1943-ஆம் ஆண்டின் நடுவில், ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் அதே வகைக் கட்டலீனா விமானங்களைக் கொண்டு பெர்த்தின் ஸ்வான் நதிக்கும் கொக்கலை ஏரிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கியது. விமானங்கள் ஐந்து. அவற்றுக்கு வேகா, அல்டேர், ரைஜெல், ஸ்பைக்கா, அண்டாரெஸ் என்று நக்ஷத்திரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அலங்காரத்துக்காக அல்ல, இரவில் வழிகாட்டப் பயன்பட்ட நக்ஷத்திரங்களே அவை. எதிரியின் செவியில் விழுந்துவிடும் என்பதால் வானொலியில் பேச அனுமதியில்லை. ஆகவே மாலுமிகள் பழங்காலத்தில் செய்ததைப் போலவே விமானிகளும் நக்ஷத்திரங்களின் உயரத்தை அளந்து, காற்று தம்மை எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் என்று ஊகித்து, தாம் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

கொக்கலைக்கும் பெர்த்துக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். சாதாரணக் கட்டலீனா அவ்வளவு தூரம் போகச் சக்தியுள்ளதல்ல. ஆகையால் அதன் கவசத் தகடுகள் முதலான பாரங்களையெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே கூடுதலான எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள். அப்படியும், புறப்படும்போது அதன் எடை, அதை வடிவமைத்தோர் விதித்த எல்லையை வெகுவாகத் தாண்டியிருந்தது. இரண்டு இயந்திரங்களில் ஒன்று, கிளம்பிய முதற் பல மணி நேரத்துக்குள் நின்றுபோனால், எரிபொருளைக் கொட்டினாலொழிய மற்றொன்றால் அந்தப் பாரத்தை ஆகாயத்தில் தாங்க முடியாது. எரிபொருளே இடத்தையும் எடையையும் விழுங்கிவிட்டதால், ஒரு தடவைக்கு மூன்று பிரயாணிகளும் ஏறத்தாழ 70 கிலோகிராம் தபாலும் மட்டுமே ஏற்றிச் செல்ல முடிந்தது. மூன்று பேரையும் சில தபால் பைகளையும் சமுத்திரத்தைத் தாண்டிக் கொண்டுசேர்க்க ஒரு முழு விமானமும், அதன் சிப்பந்திகளின் உயிரும் பணயம் வைக்கப்பட்டன என்பதைக் கவனித்தால், அந்தத் தபால்கள் எவ்வளவு முக்கியமானவையாக இருந்திருக்க வேண்டும் என்பது புலப்படும்.

பிரயாண நேரம் 27 மணியிலிருந்து 33 மணி வரை ஆயிற்று. எதிரிகளின் நடமாட்டமுள்ள பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரத்தை வகுத்திருந்தார்கள்; ஆகையால் விமானத்தில் இருந்தவர்கள் ஒரே பயணத்தில், தரையில் கால் வைக்காமலே, இரண்டு முறை சூரியோதயத்தைக் கண்டார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் அதிகமாக ஆகாயத்தில் இருந்த பிரயாணிகளுக்கு, ‘இரட்டைச் சூரியோதயத்தின் இரகசியச் சங்கம்’ என்னும் கருத்துப்பட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை அந்த விமானங்கள் 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு விமானம்கூட வழியில் தொலைந்துபோகவில்லை. பாரமேற்றிய இயந்திரங்களையும் வானொலியற்ற இரவுகளையும் நினைத்துப் பார்க்கும்போது, இதை விமானப் போக்குவரத்தின் மிக உயர்ந்த சாதனைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இப்போது அன்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஒரே தூரத்துக்கு ஒரு தடவை 27 மணியும் இன்னொரு தடவை 33 மணியும் ஏன் ஆயிற்று? முக்கிய காரணம் காற்று. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம், காற்றே இல்லாத நாளில் 5,650 கிலோமீட்டரைக் கடக்க 28 மணி 15 நிமிஷம் ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அதே பிரயாணம் 33 மணியைத் தாண்டிவிடும்; அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 24½ மணியில் முடிந்துவிடும். ஆக, சாதாரணமான ஒரு காற்று எட்டரை மணி நேரத்துக்கும் மேலான வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள ஜெட் விமானத்துக்கு அதே காற்றினால் ஏற்படும் வித்தியாசம் வெறும் 25 நிமிஷம். வெள்ளம் ஓடும் ஆற்றில் துடுப்புப் போடும் ஓடக்காரனுக்கும் விசைப்படகில் போகிறவனுக்கும் உள்ள பேதம் இது. கட்டலீனாவின் விமானி காற்றைத் தவறாகக் கணித்தால் இலங்கைத் தீவுக்குப் போய்ச் சேரும் நேரம் தவறுவதோடு, தீவே தவறிப்போகும். சிறிது பக்கவாட்டுக் காற்றை முப்பது மணி நேரம் கவனியாமல் விட்டால் விமானம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிப் போயிருக்கும்.

அப்படியானால் ஜெட் யுகத்தில் காற்றைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லையா என்றால், அதுவும் இல்லை. ஜெட் விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, மணிக்கு 150 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேகமுள்ள காற்று நதிகள் ஓடுகின்றன. பெர்த்துக்கும் தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க்குக்கும் தூரம் 8,300 கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைப் பகுதியில், கிழக்கு மேற்காக அமைந்தவை. ஜோஹானஸ்பர்க்கிலிருந்து பெர்த்துக்கு வருவதற்கு ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. திரும்பிப் போவதற்கோ பதினொரு மணி. ஒரே வகை விமானம், ஒரே தூரம். திசை மாறினால் இரண்டு மணி நேரம் மாறுகிறது. ஆகையால் ‘இந்த இரண்டு ஊர்களுக்கு இடையே பிரயாண நேரம் இவ்வளவு’ என்று ஒற்றை எண்ணைச் சொல்வது, போகும் திசையைச் சொல்லாதவரையில், பாதிப் பதில்தான்.

இதைக் காட்டிலும் தெளிவான சான்று ஒன்று சமீப காலத்தில் கிடைத்தது. 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நடுவில் எங்கும் இறங்காத விமான சேவை தொடங்கியது. தூரம் 14,499 கிலோமீட்டர்; நேரம் ஏறக்குறைய 17 மணி. யுத்தத்துக்குப் பின் 1947-இல் அதே குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு நான்கு நாள் பிரயாணமாக, பல ஊர்களில் இறங்கி இறங்கிச் சென்றதை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஆனால் 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மூண்டு, ஈரானின் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சுற்றிப் போகும் தூரத்தோடு எதிர்க்காற்றும் சேர்ந்ததால், முழுச் சுமையோடு லண்டன் வரை போக எரிபொருள் போதவில்லை. விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயிற்று. லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பும் விமானமோ, காற்றின் உதவியால், எங்கும் இறங்காமலே வந்துகொண்டிருந்தது. பூமியின்மேல் நூல் நீளவும் இல்லை, குறையவும் இல்லை. போகும்போது நடுவில் ஒரு நகரம் தேவைப்பட்டது, வரும்போது தேவைப்படவில்லை!

இன்னொன்றும் சொல்கிறேன். 2022-இல் உக்ரைன் யுத்தம் தொடங்கி ரஷ்யாவின் வான்வெளி மூடப்பட்டபோது, பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியளவில் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பறக்க நேர்ந்தது. துருவத்தைக் கடந்த பிரயாணிகளுக்குப் பின்லாந்து நாட்டு விமான நிறுவனமும் ஒரு சான்றிதழ் கொடுத்ததாம். எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்து சமுத்திரத்தின்மேல் கொடுத்த சான்றிதழ் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது. இரண்டுக்கும் காரணம் யுத்தமே. யுத்தம் மூண்டால் மனிதன் பழகிய வழியை விட்டு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

பெட்டி கட்டும் அன்பருக்குப் பிரயோஜனமான இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பயணச்சீட்டில் அச்சிடும் நேரம் ஆகாயத்தில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகர்ந்தது முதல், ஓடுபாதைக்குப் போய், பறந்து, இறங்கி, மறுபடி நிற்குமிடத்தை அடைவது வரை உள்ள நேரம் அது. இரண்டாவது, கடிகாரம். பெர்த் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு 10 மணிக்குக் கிளம்பி ஏழு மணி நேரம் பிரயாணம் செய்பவர் அங்கே காலை 7.30 மணிக்கு இறங்குவார். சீட்டிலுள்ள இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்து ஒன்பதரை மணி நேரமா என்று திகைக்க வேண்டியதில்லை. திரும்பி வரும்போது கணக்கு எதிர்மாறாகி, நான்கரை மணியில் வந்துவிட்டது போலத் தோன்றும்.

கட்டலீனாக்களின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1944-இல் லிபரேட்டர் என்னும் நிலத்தில் இறங்கும் பெரிய விமானங்கள் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கும் இலங்கைக்கும் இடையே பறக்கத் தொடங்கின; அவற்றில் பிரயாண நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. யுத்தம் முடிந்ததும், அமெரிக்கா இரவலாகக் கொடுத்த நிபந்தனையின்படி அந்த ஐந்து கட்டலீனாக்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றையாவது கரையில் நிறுத்திக் காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்கு மிகுந்த ஆதங்கம் உண்டு. குவாண்டாஸ் நிறுவனம், சிட்னியிலிருந்து லண்டனுக்கு இருபது மணி நேரம் இறங்காமல் பறக்கப்போகும் தன் புதிய திட்டத்துக்குச் ‘சூரியோதயம்’ என்று பெயரிட்டு, அந்தப் பழைய பயணங்களுக்கு மரியாதை செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்த வரலாற்றைச் சொல்லும் நூல்களும் நினைவுச் சின்னங்களும் இருக்கின்றன. மார்க்கத்தின் மறுநுனியாகிய இலங்கையிலோ, காலி-மாத்தறைச் சாலையில் கொக்கலையைத் தாண்டிச் செல்லும் நம்மவரில் எத்தனை பேர் அந்த ஏரியைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அந்தத் தளத்தில் எரிபொருள் நிரப்பியவர்கள், படகோட்டியவர்கள், சமையல் செய்தவர்கள், தபால் மூட்டை தூக்கியவர்கள் என்று உள்ளூர் மனிதர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களுள் தமிழர்களும் சிங்களவர்களும் இருந்திருக்கக் கூடும். விமானிகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன; இவர்களுடைய பெயர்கள் குடும்பங்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கும், அதுவும் வேகமாக மறைந்துகொண்டிருக்கும். உங்கள் பாட்டனாரோ பெரிய தந்தையோ யுத்த காலத்தில் கொக்கலையில் வேலை செய்தவராயிருந்து, அவரைப் பற்றி வீட்டில் யாராவது ஏதாவது சொல்லக் கேட்டிருந்தால், அது எவ்வளவு சிறிய விஷயமானாலும் சரி, தயவுசெய்து எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.